மஞ்சள் துணியில் முடிந்த போன்

எங்கள் வீட்டுக்கு ஒரே நாளில் இரண்டு போன் வந்தது. ஒரே கடை, ஒரே மாடல், ஒரே நீல நிறம். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகன் பொங்கலுக்கு வந்தபோது அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று என்று கையில் கொடுத்துவிட்டுப் போனான். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் வீட்டுக்காரருடைய போன்மேல் தூசி படிந்து கிடக்கிறது. என்னுடைய போன் இருந்த சூட்டுக்கு அதன்மேல் தோசை ஊற்றலாம். ஒரே வீடு, ஒரே சோறு, ஒரே போன். அவரை விட்டுவிட்டு அது என்னை மட்டும் ஏன் பிடித்தது? இரண்டு வருடமாக இதை யோசித்துக்கொண்டிருக்கிறேன். பதில் மாதிரி ஒன்று கிடைத்திருக்கிறது. அதற்கு ஒரு போனைப் பறிகொடுக்க வேண்டியிருந்தது.

தல்லாகுளத்தில் வீட்டு வாசலில் வைத்து இட்லி மாவு விற்கிறேன். முப்பது வருடமாகிறது. ஆபீசுக்கும் கோர்ட்டுக்கும் போகிறவர்கள் வண்டியை அணைக்காமலே ஒரு காலை ஊன்றி நின்று வாங்கிப் போவார்கள். பாக்கெட்டில் போட்டுத் தர மாட்டேன், பாத்திரம் கொண்டுவர வேண்டும். என் மாவு பொங்கவில்லை என்று யாரும் திருப்பிக் கொண்டு வந்தது கிடையாது. தன்னைத் தானே மெச்சிக்கொள்ளக் கூடாது என்பார்கள். ஆட்டியது நான், நான் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. எழுத்துக் கூட்டிப் படிப்பேன், மெதுவாக. பஸ் போர்டைப் படித்து முடிப்பதற்குள் பஸ் போய்விடும். பேங்கில் பாரத்தைக் கொடுத்தால் கண்ணாடியைத் துடைப்பது போலப் பாவனை செய்து பக்கத்தில் நிற்பவரிடம் நீட்டுவேன். அப்படி இருக்கிறவள் கைக்கு இந்தப் போன் வந்தது. பக்கத்து வீட்டுக்காரி கோர்ட்டில் டைப் அடிக்கிறவள். அவள்தான் ஒரு விளையாட்டைப் போட்டுக் கொடுத்தாள்.

"பெரியம்மா, இதுல படிக்கவே வேணாம். கலர் பாக்கத் தெரிஞ்சாப் போதும். ஒரே கலர் கல்லு மூணு சேந்தா வெடிச்சிரும். அம்புட்டுத்தான்."

கலரா தெரியாது எனக்கு? உளுந்து உடைத்ததா, முழுசா, பழசா, புதுசா என்று நிறத்தை வைத்தே சொல்கிறவள் நான். முதல் ஆட்டத்திலேயே ஜெயித்தேன். ஒரு பச்சைக் கிளி எங்கிருந்தோ பறந்து வந்து இரண்டு இறக்கையையும் அடித்துக் கைதட்டியது. அதற்கப்புறம் ஒரு பானை உடைந்து பொற்காசாகக் கொட்டியது. நான் சுற்றும் முற்றும் பார்த்தேன். வீட்டில் யாருமில்லை. அந்தக் கிளி எனக்குத்தான் தட்டியிருக்கிறது!

சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் யோசித்துப் பாருங்கள். முப்பது வருடமாக ஊருக்கு மாவு ஆட்டிக் கொடுத்திருக்கிறேன். இட்லி கல்லாகிப் போனால் என்னைத் திட்டுவதற்கு ஆள் வரும். பூவாக வந்தால் தின்றுவிட்டுப் போய்விடுவார்கள், அதுதானே உலகம். செய்த வேலைக்கு அந்த நிமிஷமே கைதட்டிய முதல் ஜீவன் அந்தக் கிளிதான். வீட்டுக்காரருக்கு அது தேவைப்படவில்லை. அவர் அரசாங்க அலுவலகத்தில் பைல் தூக்கி ஓய்வு பெற்றவர். டீக்கடையில் போய் உட்கார்ந்தால் "வாங்கண்ணே" என்று நாலு பேர் நகர்ந்து இடம் கொடுப்பார்கள்.

அவரை வைத்து நான் ஒரு சோதனைகூடப் பண்ணினேன். ஒரு நாள் மத்தியானம் பிடித்து உட்கார வைத்து அவர் கையில் போனைக் கொடுத்தேன்.

"ஒரே ஒரு ஆட்டம் ஆடுங்க. ஆடிட்டுச் சொல்லுங்க."

ஆடினார். ஜெயித்தார். கிளி வந்து தட்டியது. நான் அவர் மூஞ்சியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ம்" என்றார்.

"என்ன ம்? அடுத்தது ஆடுங்க!"

அடுத்ததைத் தொடங்கினார். நாலு கல்லை நகர்த்தினார். இன்னும் ஒரே ஒரு சிவப்புக் கல், அதை இடது பக்கம் தள்ளினால் வரிசை முழுக்க வெடித்துச் சிதறும். அந்த நேரத்தில் போனைக் கட்டில்மேல் வைத்துவிட்டு எழுந்து சட்டையை மாட்டினார்.

"எங்கே கிளம்பிட்டீக?"

"டீ குடிச்சிட்டு வாரேன்."

"பாதியில வச்சிட்டா!"

"ஆமா, அதுக்கென்ன?"

போய்விட்டார். சிவப்புக் கல் அப்படியே நிற்கிறது. மனுஷன் எப்படி ஒரு வரிசையைப் பாதியில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போக முடியும்? நான்தான் தள்ளினேன். வெடித்த பிறகுதான் மூச்சு வந்தது. அப்புறம்தான் கவனிக்க ஆரம்பித்தேன். அவர் டீயையும் பாதிதான் குடிப்பார். பேப்பரைப் பாதி படிப்பார். ஒரு விஷயம் சொல்ல வந்தால் அதையும் பாதியில் நிறுத்திவிட்டு முதுகைச் சொறிவார். நாற்பத்தைந்து வருடமாக அந்தப் பாதிக்காக நான் அவரைத் திட்டியிருக்கிறேன். அந்தப் பாதிதான் அவரைக் காப்பாற்றியிருக்கிறது.

நானோ சின்ன வயதில் கடலைக் கொல்லையில் செடி பிடுங்கப் போனால், பொழுது சாய்ந்து எல்லோரும் கிளம்பிய பிறகும் "இந்த வரிசை முடியட்டும்" என்று குனிந்துகொண்டே இருப்பேன். அம்மா வந்து பாவாடையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகவேண்டும். கொல்லையில் வரிசைக்கு ஒரு முனை உண்டு. வரப்பு வந்துவிட்டால் நிமிர்ந்துதான் ஆகவேண்டும். கிரைண்டரில் மாவுக்கும் ஒரு பதம் உண்டு. போனில் வரப்பே கிடையாது. ஒரு லெவல் முடிந்தால் அடுத்தது தானாக வந்து நிற்கும். இதைச் செய்தவன் என் மாதிரி ஆளை நேரில் பார்த்திருக்க வேண்டும். வீட்டுக்காரர் மாதிரி ஆளை அவனுக்குத் தெரியாது.

இப்படி ஆடி ஆடி எண்ணூறு லெவல் தாண்டினேன். ஒரு நாள் உளுந்தைக் கிரைண்டரில் போட்டுவிட்டு ஒரு ஆட்டம் என்று உட்கார்ந்தேன். உளுந்துக்குப் பக்கத்திலேயே நிற்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் தெளிக்க வேண்டும், ஓரத்தை வழித்துவிட வேண்டும். அன்றைக்கு ஒரு லெவலில் ஐந்து முறை தோற்றேன். தோற்றால் எழுந்து போய்விடலாம்தானே? ஜெயித்தால்கூட எழுந்திருப்பேன், தோற்றால் என்னால் முடியாது. கல்லு சுற்றிச் சுற்றிச் சூடேறி, உளுந்து வெந்தது மாதிரி ஆகி, நான் நிமிர்ந்து பார்த்தபோது பசை கிண்டி வைத்தது போலக் கிடந்தது. அதையும் கலந்து விற்றேன். ஆமாம், விற்றேன். தெரிந்தேதான்.

மறுநாள் காலையில் கோர்ட்டுக்காரி பாத்திரத்தோடு வந்து நின்றாள். "பெரியம்மா, இன்னைக்கு இட்லி ஒண்ணை டிபன் பாக்ஸ்ல எடுத்துட்டுப் போறேன். கோர்ட்டுல யாராச்சும் சண்டைக்கு வந்தா எறியறதுக்கு."

தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். உள்ளே போய்ச் சிரிக்கவில்லை.

அந்தச் செய்தி திருவாதவூர் வரைக்கும் போய்விட்டது. என் மகளைக் கட்டிக் கொடுத்த ஊர் அது. விவசாயக் குடும்பம், சம்பந்தி அம்மாள் வாய்க்கு ஊரே ஒதுங்கி வழிவிடும். பேத்திக்குக் காது குத்து வைத்திருந்தார்கள், அதைப் பற்றிப் பேச நானும் போயிருந்தேன். முதல் நாள் சாயங்காலமே சொந்தக்காரர்கள் வந்து இறங்கிவிடுவார்கள், அவர்களுக்கு முந்நூறு இட்லி வேண்டும் என்று பேச்சு வந்தது. மேலூரில் கடை மாவு வாங்கலாம் என்றார் சம்பந்தி. எனக்குச் சுருக்கென்றது.

"நான் இருக்கையில கடை மாவா மதினி? நான் ஆட்டிக் கொண்டு வாரேன்."

சம்பந்தி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிதானமாகச் சொன்னார். "உங்களுக்கு எதுக்கு மதினி சிரமம்? போன் பாக்கவே நேரம் பத்தலையாமே. கல்லு வெடிச்சுக்கிட்டு இருக்கையில மாவு எங்கிட்டு ஆட்டுவீக?"

அத்தனை பேர் முன்னால்! என் மகள் தரையைப் பார்த்தாள். நான் சிரித்த முகமாக எழுந்தேன். "முந்நூறு இல்ல மதினி, நானூறுக்கு ஆட்டிக் கொண்டாரேன். ஒரு இட்லி உப்பலைன்னா என் பேரை மாத்திக் கூப்பிடுங்க" என்றேன். நாக்கு முந்திக்கொண்டது. திரும்பி வரும் பஸ்ஸில்தான் சொன்னது உறைத்தது. மாவு ஆட்ட எனக்குத் தெரியும். போனை வைத்துவிட்டு ஆட்டத் தெரியுமா என்பதுதான் கேள்வி.

வந்ததும் குளித்துவிட்டுத் திருப்பரங்குன்றத்து முருகனை நினைத்து ஒரு காசை எடுத்து மஞ்சள் துணியில் வைத்தேன். மாவு நல்லபடியாகப் பொங்கி என் மானம் காப்பாற்றப்பட வேண்டும், அதுவரைக்கும் போனைத் தொடமாட்டேன் என்று வேண்டிக்கொண்டேன். அப்போதுதான் அந்தப் புத்தி வந்தது. காசை முடிந்துவிட்டுப் போனை வெளியே வைத்தால் என் கை சும்மா இருக்குமா? போனையும் காசோடு சேர்த்து அதே துணியில் வைத்து மூன்று முடிச்சாக இறுக்கிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தேன். சாமி முன்னால் முடிந்ததை நடுவில் அவிழ்க்க என் கைக்குத் தைரியம் வராது. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் கோர்ட்டுக்காரி மாவு வாங்க வந்தவள் எட்டிப் பார்த்தாள்.

"என்ன பெரியம்மா, காசு முடிஞ்சிருக்கீங்க, செங்கல் கணக்கா இருக்கு?"

சொன்னேன். அவள் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ பெரியம்மா! முடிஞ்சு வச்சது எல்லாம் சாமிக்குச் சொந்தமாச்சே! வேண்டுனது நடந்துட்டா துணியோட கொண்டுபோய் உண்டியல்லல்ல போடணும்!"

நான் திரும்பிச் சாமி படத்தைப் பார்த்தேன். வீட்டுக்காரர் பேப்பருக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினார். அவருக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷம் எங்கள் கல்யாணத்தில்கூட இருந்ததில்லை.

"அப்ப இப்படி வருதா? மாவு பொங்குனா போன் முருகனுக்கு. மாவு பொங்கலைன்னா போன் உனக்கு, ஆனா சம்பந்தி உன்னைக் கிழிச்சுத் தோரணம் கட்டிரும். நல்லா மாட்டிக்கிட்டடி!"

அடுத்த ஒன்பது நாள் நான் மனுஷியாக இல்லை. கை சும்மா இருக்க மறுத்தது. மிளகாயைக் கிள்ளினால் சிவப்பு மூன்றை வரிசையாக வைத்தேன். துணி காயப்போடும்போது பச்சைக் கிளிப், பச்சைக் கிளிப், பச்சைக் கிளிப் என்று தேடித் தேடி மாட்டினேன்.

வீட்டுக்காரர் கொடிக்குக் கீழே வந்து நின்றார். "மூணு சேந்துருச்சு. என் வேட்டி வெடிச்சிருமா?"

"சும்மா போங்க!"

"இல்ல, தள்ளி நின்னுக்கறேன்."

அவர் போன் அலமாரியில்தான் கிடந்தது. அதை எடுத்து ஆட எனக்கு யாரும் தடை சொல்லவில்லை, நான் முடிந்தது என் போனைத்தானே. இரண்டு தடவை அலமாரி வரைக்கும் போனேன். முருகனை ஏமாற்றிவிடலாம். எனக்குத் தெரியுமே, அதை என்ன செய்வது? திரும்பி வந்து வெங்காயம் உரித்தேன், தேவைக்கு மேலேயே. அன்றைக்கு வீட்டில் எல்லாவற்றிலும் வெங்காயம்.

மாவு ஆட்டும் நாள் வந்தது. விடிந்ததும் உளுந்தை வடித்துக் கிரைண்டர் பக்கத்தில் நின்றேன். ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒரு கைப்பிடி உளுந்தைக் குறைத்தால் போதும் என்ற நினைப்பு வந்தது. இட்லி ரொம்ப மோசமாகவும் இருக்காது, உப்பியது என்றும் சொல்ல முடியாது. சம்பந்தி இரண்டு நாள் பேசுவார், மூன்றாம் நாள் மறந்துவிடுவார். போன் என்னோடு இருக்கும். உளுந்தில் ஒரு கைப்பிடியை எடுத்துக் கிண்ணத்தில் தனியாக வைத்தேன்கூட. கிரைண்டரைப் போட்டேன். நுரை கட்ட ஆரம்பித்தது. விரலால் தொட்டுப் பார்த்தேன். கொஞ்சம் தண்ணீர் தெளித்தேன். மறுபடி தொட்டேன். இன்னும் கொஞ்சம் வரும் என்று தோன்றியது. மறுபடி தொட்டேன். கிண்ணத்து உளுந்து எப்போது கிரைண்டருக்குள் போனது என்று எனக்குத் தெரியாது. என் கைதான் போட்டிருக்கிறது, என்னைக் கேட்கவில்லை.

அப்படித் தொட்டுத் தொட்டுப் பார்க்கையில்தான் தெரிந்தது. இது அதே அரிப்பு. இன்னும் ஒரு தரம், இன்னும் ஒரே ஒரு தரம் என்று போன்மேல் ஓடிய அதே விரல்தான் முப்பது வருடமாக மாவைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. இந்த விரல் இல்லாவிட்டால் என் மாவுக்குப் பேரே கிடையாது. இந்த விரல் இருப்பதால்தான் கிளி என்னைப் பிடித்தது. ஒரு சொட்டு மாவை எடுத்துத் தண்ணீரில் விட்டேன். தக்கை மாதிரி மிதந்தது. கிரைண்டரை நிறுத்திவிட்டுத் தனியாக நின்று சிரித்தேன்.

அரிசியையும் ஆட்டிக் கலந்து, இரண்டு பெரிய எவர்சில்வர் தூக்கில் மாவை ஊற்றி, மத்தியானம் திருவாதவூர் பஸ்ஸில் ஏறினோம். நல்ல வெயில். டிரைவர், "அம்மாச்சி, நடுவுல வைக்காதீக, ஆள் தட்டிவிட்டுரும். இந்தா, என் பக்கம் இன்ஜின் ஓரமா வைங்க" என்றார். நல்ல மனுஷன், நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். நானும் வைத்தேன். இன்ஜின் சூடு, வெயில் சூடு, ஒரு கைப்பிடி கூடக் குறையாத உளுந்து. ஒத்தக்கடை தாண்டியதும் ஒரு தூக்கின் மூடி மெல்லத் தலையைத் தூக்கியது. யாரோ உள்ளே இருந்து எட்டிப் பார்ப்பது மாதிரி இருந்தது.

"ஏங்க, மாவு எந்திரிக்குது!" என்றேன்.

வீட்டுக்காரர் பாதித் தூக்கத்தில் இருந்தார். "உக்காரச் சொல்லு."

அடுத்த பள்ளத்தில் பஸ் குதித்ததும் மூடி சரிந்து, மாவு பொலபொலவென்று வழிந்தது. முன் சீட்டில் இருந்தவர் காலைத் தூக்கிக்கொண்டார். ஒரு அம்மா தன் டிபன் பாக்ஸைக் காலி பண்ணி நீட்டினார். "இதுல பிடிங்க, வீணாப் போகுது!" இன்னொருத்தர் தண்ணீர் பாட்டிலை வெட்டிக் கொடுக்கக் கத்தி தேடினார். பின்னாலிருந்து ஒருத்தன் "அண்ணே, கரண்டியும் சட்னியும் இருக்கா?" என்று கத்தினான்.

கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். "அம்மாச்சி, உங்க மாவு எனக்கு முன்னாடி இறங்கப் பாக்குது. அதுக்கு டிக்கெட் எடுத்தீகளா?"

பஸ் முழுக்கச் சிரிப்பு. எனக்குச் சிரிப்போடு சிரிப்பாகக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மாவு பொங்கிவிட்டது, நாலு சீட் பார்க்கப் பொங்கிவிட்டது. போனது போன்.

அன்றைக்குச் சாயங்காலம் சம்பந்தி வீட்டு முற்றத்தில் இட்லிச் சட்டி ஏறியது. முதல் ஈடு இறங்கியதும் சம்பந்தி யாரையும் தொடவிடவில்லை. தானே ஒன்றை எடுத்து ஒரு விரலால் அமுக்கினார். இட்லி அமுங்கி, மறுபடி எழுந்து வந்தது. இன்னொரு தரம் அமுக்கினார். இன்னொரு தரம். விரல் நிற்கவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். இந்த அம்மாள் கையில் அந்த விளையாட்டைக் கொடுத்தால் ஆயிரம் லெவலைத் தாண்டிவிடுவார் என்று தோன்றியது. சொல்லவில்லை. சொந்தம் முக்கியம்.

"மாவுல என்னத்தைப் போட்டீக மதினி?" என்றார் கடைசியில்.

"ஒரு போனைக் கரைச்சு ஊத்தியிருக்கேன்" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. என் மகள்தான் மஞ்சள் துணிக் கதையைச் சொன்னாள். சம்பந்தி சிரித்த சிரிப்பில் கையிலிருந்த இட்லி கீழே விழுந்துவிட்டது. அதைக் குனிந்து எடுத்துக்கொண்டே, "நான் தெரியாமப் பேசிப்புட்டேன் மதினி" என்றார். நாலு பேர் கேட்கத்தான் சொன்னார். எனக்கு அது போதும்.

வெள்ளிக்கிழமை திருப்பரங்குன்றம் போனோம். முந்தின நாள் கோர்ட்டுக்காரி முடிச்சை அவிழ்க்காமலேயே துணியோரத்தில் ஊக்கை விட்டுச் சிம்மை எடுத்தாள். "விளையாட்டையும் அழிச்சிரவா பெரியம்மா? அதுக்குத் துணியைப் பிரிக்கணும்" என்று கேட்டாள்.

"அழிக்காதடி. எண்ணூறு லெவல். முருகன் விட்ட இடத்துலயிருந்து ஆடட்டும்."

சன்னதியில் பட்டரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் மூட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அம்மா, சுவாமிக்குப் போன் எதுக்கு? காசை மட்டும் எடுத்து உண்டியல்ல போடுங்க. போனை வீட்டுக்குக் கொண்டு போங்க. மனசறிஞ்சுதான் சுவாமி ஏத்துப்பார்."

வீட்டுக்காரர் உடனே பிடித்துக்கொண்டார். "சாமியே சொல்லியாச்சு. இல்லாட்டி இந்தா, என் போனைப் போடு. ரெண்டும் ஒண்ணுதான். எனக்கு எதுக்கு?"

நல்ல யோசனைதான். இரண்டு வழி திறந்துவிட்டார்கள், இரண்டிலும் போன் எனக்குத் திரும்பக் கிடைக்கும். மூட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பின்னால் வரிசை, "நகருங்கம்மா, நகருங்க" என்று தள்ளுகிறது. கட்டை விரல் துணிமேல் தானாகத் தேய்த்துக்கொண்டிருந்தது.

ஆனால் என் சுபாவம் இருக்கிறதே. மூன்று முடிச்சுப் போட்டு வேண்டியாகிவிட்டது, மாவு பொங்கியாகிவிட்டது, சம்பந்தி வாயால் சொல்லியாகிவிட்டது. கடைசிக் கல்லை மட்டும் தள்ளாமல் வீட்டுக்குப் போவதா? அது வீட்டுக்காரர் செய்கிற வேலை. எந்தக் குணம் என்னைப் போனில் கொண்டுபோய்ச் சிக்கவைத்ததோ, அந்தக் குணம்தான் அந்த இடத்தில் என் கையைப் பிடித்துத் தள்ளியது.

"எனக்குப் பாதியில விட்டுப் பழக்கமில்ல சாமி" என்று சொல்லி, துணியோடு உண்டியல் வாயில் திணித்தேன். கொஞ்சம் இறுக்கம். இரண்டு தட்டுத் தட்டினேன். உள்ளே போய் டம் என்று விழுந்தது. பட்டர் சிரித்துவிட்டார். நான் வெளியே வந்து கோபுர வாசல் வரைக்கும் சிரித்துக்கொண்டே நடந்தேன். எதற்கென்றே தெரியவில்லை, உடம்பு காற்றாக இருந்தது.

அன்றைக்குச் சாயங்காலமே மகன் அப்பாவின் போனில் கூப்பிட்டான். அவரும் அதிசயமாக எடுத்தார். விஷயத்தைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "அம்மா, பட்டன் போன் வாங்கித் தரவா, இல்ல பழைய மாதிரியே ஒண்ணு வாங்கட்டுமா?" என்று கேட்டான்.

பட்டன் போன் போதும் என்றுதான் சொன்னேன். அதைச் சொல்வதற்கு முன்னால் நான் எவ்வளவு நேரம் பேசாமல் நின்றேன் என்பதை வீட்டுக்காரர் டீக்கடையில் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். வாழ்க்கையில் அவர் முழுசாகச் சொல்லி முடிக்கும் கதை இது ஒன்றுதான்.